முன்பின் தெரியாதவருடன் பத்து நிமிடம் பேசினால் வெறுப்பு குறையுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: அமெரிக்காவில் வீட்டுக் கதவைத் தட்டி, முன்பின் தெரியாதவர்களிடம் பத்து நிமிடம் பேசியே திருநர் மீதான வெறுப்பைக் குறைத்தார்கள் என்று ஓரிடத்தில் படித்தீர்கள். அந்த ஆய்வே மோசடி என்று இன்னோரிடத்தில் படித்தீர்கள். எது உண்மை? கூடவே, உங்கள் அப்பாவிடம் பல ஆண்டுகளாக வாதாடியும் அவர் அசையவில்லை என்றும், சட்டம், தீர்ப்பு, புள்ளிவிவரம் எல்லாவற்றையும் எடுத்துக்காட்டியும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெளியூரில் வேலை பார்ப்பதால் பேச்சு பெரும்பாலும் தொலைபேசியில்தான், அதில் இது நடக்குமா என்றும் கேட்கிறீர்கள். ஆகவே ஆய்வைப் பற்றிய சந்தேகத்துக்கு அடியில், "இனியும் அப்பாவிடம் பேசலாமா, விட்டுவிடலாமா?" என்ற கேள்வி இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். சமூகப்பணி மாணவர்களுக்குச் சமூக உளவியலும் களப்பணியும் கற்பிப்பவன் நான். வீடு வீடாகச் சென்று பேசுவதற்கு அவர்களைப் பழக்குவது என் வேலையின் ஒரு பகுதி. அந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மோசடி விவகாரம். நீங்கள் படித்த இரண்டு செய்திகளும் உண்மை. ஆனால் அவை வெவ்வேறு ஆய்வுகளைப் பற்றியவை. கலிபோர்னியாவில் 2008 நவம்பரில், ஒருபாலினத் திருமணத்தைத் தடை செய்யும் 'எட்டாவது முன்மொழிவு' பொது வாக்கெடுப்பில் வென்றது. தோற்றவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. லாஸ் ஏஞ்சலிஸ் எல்ஜிபிடி மையத்தைச் சேர்ந்த டேவ் ஃபிளைஷரும் அவரது தன்னார்வலர்களும், தங்களுக்கு எதிராக வாக்களித்த பகுதிகளுக்கே போய்க் கதவைத் தட்டி, "ஏன் அப்படி வாக்களித்தீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான உரையாடல்களில் தேய்ந்து தேய்ந்து ஒரு முறை உருவானது. அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அளந்து சொல்ல வந்தவர்தான் மைக்கேல் லாக்கூர் என்ற ஆய்வு மாணவர். மூத்த பேராசிரியர் டொனால்ட் கிரீனுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2014 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஒரே ஓர் உரையாடல், மாதக்கணக்கில் நிலைக்கும் மாற்றம் என்றது அது. உலகமே பேசியது.

டேவிட் புரூக்மன், ஜோஷ்வா கல்லா என்ற இரு இளம் ஆய்வாளர்கள் அதே முறையை மயாமியில் சோதிக்க முனைந்தார்கள். தொடக்கத்திலேயே இடித்தது. லாக்கூருக்குக் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட அளவுக்கு அவர்களுடைய கருத்துக்கணிப்புக்கு மக்கள் பதில் தரவில்லை. கணிப்பை நடத்தியதாகக் குறிப்பிடப்பட்ட நிறுவனத்தைக் கேட்டால், அப்படியொரு பணியை அவர்கள் அறியவே இல்லை. 2015 மே மாதம் பீட்டர் அரோனோ என்ற இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து, தரவிலுள்ள முரண்பாடுகளை அறிக்கையாக வெளியிட்டார்கள். கட்டுரையைத் திரும்பப் பெறும்படி கேட்டவர் இணையாசிரியரான கிரீனே. மே 28 அன்று இதழ் அதைத் திரும்பப் பெற்றது. கதவுகளைத் தட்டியதும் பேசியதும் நிஜம். அந்தப் பேச்சின் விளைவை அளந்ததாகச் சொன்ன மூலத் தரவைத்தான் காட்ட முடியவில்லை.

பெரும்பாலோர் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பொய்யைக் கண்டுபிடித்த அதே இருவரும் தங்கள் சோதனையைக் கைவிடவில்லை. மயாமி நகரம் அடங்கிய மயாமி-டேட் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) 2014 டிசம்பரில், திருநரைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் உள்ளூர்ச் சட்டம் நிறைவேறியிருந்தது. அதை எதிர்த்துப் பிரசாரம் வரலாம் என்று அஞ்சிய உள்ளூர் அமைப்பு ஒன்று, லாஸ் ஏஞ்சலிஸ் குழுவின் உதவியோடு 2015-ல் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்துக் களத்தில் இறக்கியது. 56 பேர் போய், 501 வாக்காளர்களிடம் பேசினார்கள். யாரிடம் திருநரைப் பற்றிப் பேசுவது, யாரிடம் குப்பை மறுசுழற்சியைப் பற்றிப் பேசுவது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. இரண்டாவது குழு ஒப்பீட்டுக்காக. பேச்சுக்கு முன்னும், பிறகு மூன்று நாள் தொடங்கி மூன்று மாதம் வரை பல தடவையும் கருத்துக்கணிப்பு நடந்தது. பதில் சொன்னவர்களுக்கு, அது தங்கள் வாசலுக்கு வந்தவர்களோடு தொடர்புடையது என்பதே தெரியாது. வந்தவரைத் திருப்திப்படுத்த நல்ல பதில் சொல்லும் சிக்கல் அதனால் பெருமளவு குறைந்தது.

முடிவு 2016 ஏப்ரலில், அதே 'சயின்ஸ்' இதழில் வந்தது. சுமார் பத்து நிமிடப் பேச்சு, திருநர் மீதான தப்பெண்ணத்தைக் கணிசமாகக் குறைத்திருந்தது. மூன்று மாதம் கழித்தும் அது நிலைத்தது. 1998 முதல் 2012 வரை ஒருபாலின ஈர்ப்பாளர்கள் மீதான வெறுப்பு அமெரிக்கர்களிடம் சராசரியாக எவ்வளவு தணிந்ததோ, அதைவிட இது அதிகம். எதிர்த்தரப்பு வாதங்களைக் காட்டிய பிறகும் சட்டத்துக்கான ஆதரவு கூடுதலாகவே இருந்தது. இன்னொன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவரே வந்து பேசினால்தான் மாற்றம் நிலைக்கும் என்றது திரும்பப் பெறப்பட்ட கட்டுரை. மயாமியில் திருநர் அல்லாதவர்கள் பேசியபோதும் மாற்றம் நிலைத்தது. தன்னை வெறுப்பவரின் வாசலில் நின்று பொறுமையாகக் கேட்கும் சுமையை, அடிபட்டவர் தலையிலேயே ஏற்ற வேண்டியதில்லை என்பதற்கு இது ஆதாரம். உங்களைப் போன்றவர்கள் பேசுவதற்குப் பொருள் உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது? வந்தவர் முதலில் ஓர் எண்ணைக் கேட்கிறார். இந்தச் சட்டத்துக்கு உங்கள் ஆதரவு பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு? வீட்டுக்காரர் நான்கு என்கிறார். ஏன் நான்கு என்ற கேள்விக்கு அவர் என்ன சொன்னாலும் வந்தவர் முகம் சுளிப்பதில்லை, திருத்துவதில்லை. யார் எந்தப் பொதுக் கழிப்பறைக்குப் போவது, குழந்தைகளின் பாதுகாப்பு என்று பயங்கள் வெளியே வருகின்றன. அவற்றைக் கேட்டுக்கொள்கிறார். இரு தரப்பையும் காட்டும் ஒரு சிறு காணொளியைப் போட்டுக் காட்டுகிறார். பிறகு பேச்சு ஆட்களை நோக்கித் திரும்புகிறது. உங்களுக்குத் திருநர் யாரையாவது தெரியுமா? வந்தவர் திருநர் என்றால் தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறார். இல்லையென்றால் தனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அடுத்து, "மற்றவர்களைப் போல இல்லை என்பதற்காக உங்களை யாராவது மட்டமாக நடத்தியிருக்கிறார்களா?" என்று கேட்கிறார். இந்த இடத்தில் அவசரம் கூடாது. எதிரிலிருப்பவர் நினைவைத் தேடிக்கொண்டு பேசாமல் நிற்கும் நேரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் மறுபடியும் அந்த எண். ஏறியிருந்தால் ஏன் என்று அவரே சொல்லட்டும். ஏறாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீடு.

புதியவர்களைப் பழக்கும்போது பெரும் பாடு எங்கே என்றால், வாயைக் கட்டுவதில்தான். ஒரு நாள் களப்பணியில் என் மாணவர் ஒருவர், வீட்டு உரிமையாளரான ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். மாடி போர்ஷன் காலியாக இருந்தது. "திருநங்கைகளுக்கு மட்டும் வீடு தர மாட்டேன் தம்பி, அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள்?" என்றார் அந்த அம்மா. மாணவர் உடனே திருநரை மூன்றாம் பாலினமாக ஏற்ற 2014-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஆரம்பித்து, திருநர் உரிமைகளுக்கான 2019-ம் ஆண்டுச் சட்டத்துக்கு வந்து, அடுத்ததற்குப் போவதற்குள் அந்த அம்மா அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம் அதே வீட்டுக்கு ஒரு மாணவியை அனுப்பினேன். "அக்கா, நீங்கள் எப்போதாவது வீடு தேடி அலைந்திருக்கிறீர்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. கணவர் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளோடு வீடு கேட்டுப் போன இடங்களில், 'ஆம்பளை இல்லாத வீடு' என்று சொல்லிக் கதவைச் சாத்தியதை அந்த அம்மா சொல்லத் தொடங்கி, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாணவி தன்னோடு படிக்கும் திருநங்கைத் தோழி விடுதி கிடைக்காமல் பட்டதைச் சொன்னார். முடிவில் அந்த அம்மா வீடு தருகிறேன் என்று சொல்லவில்லை. "அட்வான்ஸ் ஒழுங்காகத் தருவார்களா? ராத்திரியில் யாரும் வந்து தொந்தரவு செய்ய மாட்டார்களே?" என்று கேட்டார். முதல் வாரம் அவர் சொன்னது முடிவான மறுப்பு. இப்போது கேட்டதோ, வாடகைக்கு வரும் எவரைப் பற்றியும் ஒரு வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி. அதற்கு மேல் இதில் நான் எதையும் ஏற்ற மாட்டேன். இது ஓர் ஆளின் ஒரு நாள் பேச்சு. ஆய்வு ஆகாது.

ஆனால் அந்த முதல் மாணவர் தோற்ற காரணத்தை ஆய்வு உறுதியாகவே சொல்கிறது. கல்லாவும் புரூக்மனும் 2020-ல் வெளியிட்ட மூன்று களச் சோதனைகளில், அமெரிக்காவின் ஏழு இடங்களில் 230 பேர் 6,869 வாக்காளர்களுடன் பேசினார்கள். ஆவணமற்ற குடியேறிகளைப் பற்றிய முதல் சோதனையில், சிலரிடம் வாதங்களை மட்டும் வைத்தார்கள். வேறு சிலரிடம் அதே வாதங்களோடு, தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதையும் அனுபவங்களைப் பரிமாறிக்கொள்வதையும் சேர்த்தார்கள். வாதம் மட்டும் கேட்டவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. அனுபவப் பரிமாற்றம் சேர்ந்த உரையாடலின் விளைவு குறைந்தது நான்கு மாதம் நிலைத்தது. நீங்கள் அப்பாவிடம் செய்துவந்தது முதல் வகை. அதில் பலன் இல்லாமல் போனதற்கு உங்கள் வாதம் பலவீனமானது என்று பொருளில்லை.

ஏன் இப்படி? இதில் நான் சொல்வது விளக்கம்தான், நிரூபணம் அல்ல. "நீங்கள் நினைப்பது தவறு" என்று ஒருவர் சொன்னதும், கருத்தோடு சேர்த்துத் தன் மானத்தையும் காக்க வேண்டிய நிலைக்கு எதிரிலிருப்பவர் போய்விடுகிறார். குற்றம் சாட்டப்படாமல் கேட்கப்படும்போது அந்த வேலை அவருக்கு இல்லை. அந்த ஓய்வில், ஏற்கெனவே அவர் மனதிலிருக்கும் வேறு எண்ணங்கள் மேலே வர இடம் கிடைக்கிறது. ஆய்வாளர்களே இங்கே ஒரு திருத்தம் செய்துகொண்டார்கள். மயாமி ஆய்வில், தனக்கு நேர்ந்த அவமானத்தை ஒருவர் நினைத்துப் பார்ப்பதற்கு அதிக முக்கியத்துவம் கொடுத்திருந்தார்கள். பிந்தைய சோதனைகளில் பகுதிகளைப் பிரித்துப் பார்த்தபோது, மற்றவரின் அனுபவத்தை விவரமாகக் கேட்பதுதான் சீராக விளைவு தந்தது. என் மாணவி விஷயத்தில் வேலை செய்தது அந்த அம்மாவின் கதையா, தோழியின் கதையா என்று கேட்டால், நான் தோழியின் பக்கம்தான் சாய்வேன்.

இனி, சந்தேகத்துக்குரியவை. மயாமி ஆய்வுக்காக 68,378 வாக்காளர்களுக்குக் கடிதம் போனது. முதல் கருத்துக்கணிப்புக்குப் பதில் தந்தவர்கள் 1,825 பேர். கதவைத் திறந்து பேசியவர்கள் 501 பேர். யார் கடிதத்துக்குப் பதில் போடுகிறார், யார் தெரியாதவருக்குக் கதவைத் திறக்கிறார் என்பதிலேயே ஒரு சல்லடை இருக்கிறது. கொடிய வெறுப்பில் ஊறியவர் அதில் எவ்வளவு சிக்கியிருப்பார்? அடுத்தது அளவு. 2020-ம் ஆண்டுச் சோதனைகளில் சராசரி விளைவு மயாமியைவிடச் சிறியது. பத்துப் பேரிடம் பேசினால் பத்துப் பேரும் மாறுவதில்லை. பெரும்பாலோர் அப்படியே இருக்க, சிலர் கொஞ்சம் நகர்கிறார்கள். இருந்தும் நான் இதை மதிக்கிறேன். அமெரிக்கப் பொதுத்தேர்தல்களில் நடந்த 49 களச் சோதனைகளைக் கல்லாவும் புரூக்மனும் சேர்த்துப் பார்த்தபோது, வழக்கமான பிரசாரத்தால் வாக்காளர் வேட்பாளரை மாற்றிக்கொள்வது சராசரியாகப் பூஜ்யத்துக்கு அருகில்தான் இருந்தது. அந்தப் பின்னணியில் வைத்தால், சிறிதானாலும் மாதக்கணக்கில் நிலைக்கும் ஒரு மாற்றம் எளிதில் கிடைக்கக்கூடியது அல்ல. ஆனால் எல்லாப் பேச்சும் நிலைப்பதில்லை. கட்சி வெறுப்பைப் பற்றி 2022-ல் வந்த ஓர் ஆய்வில், மாற்றுக் கட்சி ஆதரவாளர் ஒருவருடன் இனிமையான பொது விஷயம் பேசியவர்களின் வெறுப்பு தணிந்தது. மூன்று மாதத்தில் அது கரைந்தும் போனது.

அருகருகே இருந்தாலே பழகிவிடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும். பாஸ்டன் புறநகர் ரயில் நிலையங்களில், ஸ்பானிஷ் பேசும் சிலரை நாள்தோறும் நிற்கவைத்து ரயான் ஈனோஸ் என்ற ஆய்வாளர் நடத்திய சோதனையில், அங்கிருந்த பயணிகளின் குடியேறி எதிர்ப்பு கூடியது. பேச்சில்லை, பார்வை மட்டும். இந்தியாவில் சாதியை வைத்து நடந்த ஒரு நல்ல சோதனை மேத்யூ லோ என்ற ஆய்வாளருடையது. உத்தரப் பிரதேசத்தின் வாரணாசிப் பகுதியில், 1,261 இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். பல சாதியினர் ஒரே அணியில் ஆடியபோது சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மோதியபோது குறைந்தது. எனவே 'கலந்து பழகினால் சரியாகிவிடும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த உறவில் கலக்கிறார்கள் என்பது பலனையே திருப்பிப் போடுகிறது.

சாதி விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாசல் உரையாடல் முறையின் ஆதாரம் திருநர், குடியேறிகள் பற்றியது, அதுவும் அமெரிக்காவில். அதை அப்படியே தூக்கி வந்து, ஆதிக்கச் சாதியினரின் வாசலில் தலித் இளைஞரை நிறுத்தி 'உன் கதையைச் சொல்' என்று கேட்பது எனக்குச் சம்மதமில்லை. நிலமும் கூலியும் கோயிலும் சுடுகாடும் சம்பந்தப்பட்ட இடத்தில், மனதிலிருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. அங்கே சட்டமும் காவல் நிலையமும் முதலில் தங்கள் வேலையைச் செய்ய வேண்டும். மயாமியிலும் சட்டம்தான் முன்னே வந்தது. பேச்சு அதைக் காக்கப் பின்னே போனது. தமிழ்நாட்டிலும் திருநங்கைகளுக்கான நல வாரியம் 2008-லேயே வந்துவிட்டது. வாடகை வீட்டு வாசலில் நடக்க வேண்டிய பேச்சு அதற்குப் பிறகும் மிச்சமிருக்கிறது.

நம் ஊரிலிருந்து ஓர் உதாரணம் வேண்டுமென்றால், சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-ல் நடந்ததைச் சொல்வேன். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டு வந்தார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தனக்கே முழுத் தெளிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவருடன் உட்கார்ந்து பேசித் தெரிந்துகொள்ள முன்வந்தார். சமூகத்தில் ஊறிய முன்முடிவுகள் தன்னிடமும் இருந்ததை ஜூன் 7 உத்தரவில் எழுதினார். பாலின ஈர்ப்பை 'மாற்றுவதாக'ச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்ததும் அதே உத்தரவுதான். ஒப்பீட்டுக் குழு இல்லை, குலுக்கல் இல்லை, அறிவியல்படி இது எதையும் நிறுவவில்லை. ஆனால் சட்டத்தைக் கரைத்துக் குடித்த ஒருவருக்கே, மனம் திறக்கச் சட்டப் புத்தகம் போதவில்லை, ஆட்களுடன் பேச வேண்டியிருந்தது. உங்கள் அப்பாவுக்குத் தீர்ப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் வருவோம். தெரியாதவரிடம் கிடைத்த பலன் குடும்பத்துக்குள் கிடைக்கும் என்று அந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது. தெரியாதவரிடம் பழைய கணக்கு கிடையாது. அப்பாவோடு உங்களுக்குப் பல ஆண்டுகளின் வாக்குவாதம் இருக்கிறது. 'இவன் எங்கே வருகிறான்' என்பது முதல் வாக்கியத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே கீழே சொல்வது பயிற்சியிலிருந்து வந்த யோசனை மட்டுமே. கொஞ்ச நாள் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். பிறகு எடுக்கும்போது, அவர் எப்போதாவது ஒரு திருநங்கையோடு நேரில் பேசியிருக்கிறாரா, அன்று என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். ரயிலிலோ கடைவீதியிலோ நடந்த கசப்பான சம்பவம் வரலாம். "எல்லாரும் அப்படி இல்லை அப்பா" என்று உடனே சொல்லாதீர்கள். அவருக்குப் பயமாக இருந்ததா, அவமானமாக இருந்ததா என்று கேளுங்கள். அவர் முடித்த பிறகு, உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். எந்த ஊர், என்ன வேலை, வீட்டை விட்டு எப்போது வந்தார், அம்மா பேசுகிறாரா என்பது போன்ற விவரங்களோடு சொல்லுங்கள். அப்படி யாரையும் தெரியாதென்றால், அதுதான் நீங்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது. முன்பின் தெரியாத ஒருவரின் துயரத்தைப் படித்து ஒப்பிப்பது, கேட்பவர் காதில் இன்னொரு வாதமாகத்தான் விழும். அன்றைக்கே அவர் வாயிலிருந்து ஒப்புதலை வாங்கப் பார்க்க வேண்டாம்.

தொலைபேசியில் இது நடக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2020-ம் ஆண்டு வெளியீட்டில் தொலைபேசி வழியாகவும் சோதித்தார்கள். நேரில் கிடைத்ததைவிடச் சிறிய விளைவு, ஆனால் இருந்தது. என் யோசனை: முதல் பேச்சை ஊருக்குப் போகும்போது நேரில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் அப்பா பேசாமல் இருக்கும் இடைவெளியில், அவர் யோசிக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாதபோது நாம் எல்லோரும் செய்வது, அந்த இடைவெளியைப் பேசி நிரப்புவதுதான்.